எழுத்து ஒட்டாத பொத்தான்

ஊசியைக் கீழே வைக்கும் நேரங்களில் என் இடது கை மேஜை விளிம்பில் தானாக நடக்கத் தொடங்கிவிடுகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி வலப்பக்கம் எட்டு அடி போகும், அப்படியே திரும்பி வரும். ஏழாவது அடியில் மட்டும் கொஞ்சம் தயங்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டால் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மேஜையில் எதுவும் இல்லை. சேலைக்கு வைத்துத் தைக்கிற ஃபால்ஸ் துணியும் நூல்கண்டும்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த மாசம், அப்பா மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வந்தார். அத்தை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மலிவு டிக்கெட்டான பங்க் கிளாஸில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை உரச்சாக்கில்தான் சாமான் கட்டி வருவார்கள். சாக்கின் வாயைச் சணலால் தைத்து மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதுவார்கள். மூன்று நாள் ஒன்றோடொன்று உரசியதில் பெயர் அழிந்துவிடும். அதனால் வாயில் ஒரு துண்டுத் துணியை அடையாளமாக முடிந்து வைப்பது வழக்கம். அப்பா கொண்டுவந்த சாக்கில் நீலத் துணி முடிந்திருந்தது, மஞ்சள் பூப் போட்டது. பேம்பூ ஃபிளாட் ஜெட்டியிலிருந்து மேடேறி எங்கள் வீடு வரை அதைத் தோளில் வைத்துச் சுமந்து வந்து, கூடத்தில் இறக்கி, அருவாமனையால் சணலை அறுத்தார்.

உள்ளே பழைய போர்வை. போர்வைக்குள் நீளமாக ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பேன்ஜோ.

பஜனைகளில் பார்த்திருப்பீர்களே, மடியில் படுக்க வைத்து வாசிப்பது. தட்டச்சு மெஷினில் இருப்பதுபோல வட்டப் பொத்தான்கள், அடியில் கம்பிகள். இடது கையால் பொத்தானை அழுத்தி வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும்.

"உங்க அக்கா புளி அனுப்புதேன்னுதானய்யா சொன்னா?" என்றாள் அம்மா. "இதப் போட்டு நான் எப்படிக் கொழம்பு வைக்கதுக்கு?"

"அரே, துணி நம்ம துணிதான் பேச்சி. பாரு, மஞ்சப் பூ. என் கையாலதான் முடிஞ்சேன்."

"முடிஞ்சீரு. எதுலன்னு பாத்து முடிஞ்சீரா?"

அப்பா அத்தைக்குப் போன் போட்டார். புளி, கருப்பட்டி, சுண்ட வத்தல், இரண்டு பனையோலைப் பெட்டி என்று அத்தை வரிசையாகச் சொன்னாள். அடையாளத்துணியைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். ரேஷன் கடையில் பொங்கலுக்கு இலவசமாகக் கொடுத்த சேலையாம் அது. கட்டப் பிடிக்காமல் கிழித்து அடுப்புத் துணியாக வைத்திருந்தாளாம். அப்பா போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "அந்தக் கப்பல்ல பாதிப் பேரு நம்ம ஆளுக. அத்தன பேரு வீட்லயும் இந்தச் சேலைதான் கெடந்திருக்கும்."

மறுநாளே அவர் ஹேடோவில் கப்பல் நிற்கிற இடத்துக்குப் போய், மூட்டை மாறிவிட்டது என்று ஒரு காகிதத்தில் எழுதி, போன் நம்பரோடு ஒட்டிவிட்டு வந்தார். உள்ளே என்ன இருந்தது என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. சரியாகச் சொல்கிறவர்தான் சொந்தக்காரர் என்பது அவர் கணக்கு. இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் மிக்ஸி என்றார். இன்னொருவர் முதலில் பட்டுச்சேலை என்றார், இல்லை என்றதும் அப்படியானால் முறுக்கு என்றார். அதற்குப்பின் யாரும் கூப்பிடவில்லை.

பேன்ஜோ எங்கள் பீரோ மேலே ஏறியது. பத்து நாளில் கம்பியில் செம்புள்ளிகள் வந்தன. இங்கே கடல்காற்று கத்தரிக்கோலைக்கூட விடாது. அம்மாதான் இறக்கி என் மடியில் வைத்தாள்.

"ஏட்டி ரூபா, அடுத்தவுக சாமான், நம்ம வீட்ல கெடந்து துருப்பிடிச்சுதுன்னு இருக்கக் கூடாது. தெனமும் எண்ணெ தொட்டுத் தொடை. சும்மா ரெண்டு தட்டுத் தட்டி வை. ஆனா பாட்டு கீட்டுப் படிச்சுராத. பாட்டு வந்துட்டா நம்ம சாமான் மாதிரி ஆயிரும். பொறவு குடுக்க மனசு வராது."

அப்போது நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்றால் வாய் வராது. இந்தி டீச்சர் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். எழுத்து கண்ணுக்குத் தெரியும், மனசுக்குள் சரியாக ஓடும், உதடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். பின் பெஞ்சில் யாராவது "கூங்கி" என்பார்கள். ஊமைச்சி. பத்தாம் வகுப்புப் பாதியில் ஒருநாள் ஜெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா புத்தகப் பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு சேலையையும் ஃபால்ஸையும் கொடுத்தாள். அபர்டீன் பஜாரில் ஒரு சேலைக்கடை எனக்கு வேலை கொடுத்தது. வாரம் ஒருமுறை ஃபெரியில் போய்த் தைத்ததைக் கொடுத்துவிட்டுத் தைக்க வேண்டியதை வாங்கி வருவேன். அங்கே பேசத் தேவையில்லை. பையை நீட்டினால் போதும்.

எண்ணெய் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பேன்ஜோவின் சில பொத்தான்கள் மேல் சிறு சிறு காகிதம் ஒட்டி, அதில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. ச, ரி, க, ம, ப, த. சின்னப் பிள்ளையின் கையெழுத்து, 'த'வின் வால் பொத்தானை விட்டு வெளியே போயிருந்தது. கடைசியில் மறுபடி ஒரு ச. இடையில் வரவேண்டிய 'நி' மட்டும் இல்லை. த-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் பசை காய்ந்த கறை இருந்ததா, அழுக்கா என்று சொல்ல முடியவில்லை.

அம்மா பாட்டுத்தான் கூடாது என்றாள். ச ரி க ம பாட்டில்லையே.

முதல் மாசம் அது வெறும் வேலைதான், பாத்திரம் துலக்குவது மாதிரி. அழுத்த விரல்நுனி வலித்தது. மீட்டுவதற்கு ஒரு பழைய ரீசார்ஜ் அட்டையை நறுக்கி வைத்துக்கொண்டேன். ஏறுவேன், இறங்குவேன், பெட்டியை மூடுவேன். எத்தனை தடவை என்று பாதியில் விட்ட பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்தேன். பத்துக் கோடு ஆனதும் விடுதலை.

எப்போது மாறியது என்று தேதி சொல்ல முடியாது. மழை தொடங்கிய ஜூன் மாசமாக இருக்கலாம். மழைக்கு மரம் ஊதிக் கம்பி தளர்ந்து எல்லா ஒலியும் கீழே போய்விட்டது. முடுக்கிச் சரிசெய்ய வேண்டும், எதை வைத்துச் சரிசெய்வது? அந்த நேரம் பார்த்து எதிர்க்கரைச் சாத்தத்திலிருந்து வண்டிகளை ஏற்றி வருகிற ஃபெரி ஜெட்டியை நெருங்கி ஹார்ன் அடித்தது. எங்கள் வீட்டுச் சன்னல் அதிரும் அளவுக்கு நீளமான ஒற்றை ஒலி. நான் கம்பியை மெல்ல மெல்ல முடுக்கி அந்த ஒலியோடு சேர்த்தேன். ஒரு கணம் இரண்டும் ஒன்றாக இருந்தன, எது கம்பி எது ஃபெரி என்று தெரியாமல். உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றிலிருந்து ஃபெரியின் ஹார்ன்தான் என் ச.

அதற்குப் பிறகு கோடு போடுவதை மறந்துபோனேன். ஜெட்டியிலிருந்து எங்கள் வீடு வரை மேட்டில் ஏறுவது மாதிரி இருந்தது அது. ரி-யில் ஐஸ் ஃபேக்டரி வளைவு. ம-வில் வங்காளி வீட்டு முருங்கை மரம். ப-வில் நின்று மூச்சு வாங்கலாம், அங்கேயிருந்து கடல் முழுசாகத் தெரியும். ஒரே பாதைதான், ஆனால் மெதுவாகப் போகும்போது ஒரு மாதிரியும் வேகமாகப் போகும்போது இன்னொரு மாதிரியும் இருந்தது. ஒரு படி விட்டு ஒரு படி தாவினேன். மூன்று படி ஏறி ஒன்று இறங்கினேன். நோட்டில் கோடுகளுக்குப் பதிலாக இப்போது சரிக, ரிகம, கமப என்று வரிசைகள் நிறைந்தன. தப்பு விழுந்தால் ச-வுக்குத் திரும்பி மறுபடி தொடங்கலாம். யாரும் கூங்கி என்று சொல்லவில்லை. எங்கேயும் போய்ச் சேரவும் வேண்டியதில்லை. மேலே ச-வைத் தொட்டதும் இறங்கிவிடலாம், இறங்கியதும் ஏறலாம். அந்த நாள்களில் காலை பத்து மணிக்கு அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின் வீட்டில் மழையும் நானும் அதுவும் மட்டும் இருந்ததை நினைத்தால் இப்போதும் எண்ணெயும் ஈர மரமும் கலந்த வாசனை வருகிறது.

ஏழாவது பொத்தானை மட்டும் நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் இதை, ஒரு நாள் அதை என்று அழுத்திப் பார்த்தேன். ச-வுக்கு ஒட்டி இருப்பது கதவைத் தட்டுவதுபோல அவசரப்பட்டது. கொஞ்சம் தள்ளி இருப்பது வாசலில் நின்று யோசிப்பதுபோல இருந்தது. எனக்கு யோசிக்கிறதுதான் பிடித்தது.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் சேலைக்கடைக்குப் போய்விட்டுச் சாத்தத்தில் ஃபெரி ஏறினேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு நாற்பது வயது இருக்கும், மடியில் ஸ்லேட்டுகள் அடுக்கிய பை. மற்றவள் அவளை டீச்சர் டீச்சர் என்றாள்.

"அண்ணன்கூட இன்னுமா பேசல டீச்சர்? ரெண்டு வருஷம் ஆகப்போகுதே."

"எதுக்குப் பேசணும்? கல்யாணமாகி இங்க வந்து பதினாறு வருஷமாக் கேட்டேன், என் பேன்ஜோவ அனுப்பு, என் பேன்ஜோவ அனுப்புன்னு. கடைசியா அனுப்பிட்டேன், நீலத்துணி, மஞ்சப் பூ, பார்த்து வாங்கிக்கோன்னான். வாங்கினேன். உள்ள என்ன தெரியுமா? புளி."

மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேன்ஜோ கேட்டா புளியா!"

"கருப்பட்டியும் இருந்துச்சு. கேட்டா, நான் அனுப்புனேன் அனுப்புனேன்னு சாதிக்கிறான். துணி அதே துணி, மூட்டை அதே மூட்டை. வித்துத் தின்னுட்டு எங்கிட்டப் பொய் சொல்றான். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

சேலைப் பையை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வாக்கியம் தொண்டைக்கு வந்துவிட்டது. மூன்று சொல்தான். எங்க வீட்ல இருக்கு. உதடு ஒட்டிக்கொண்டது. எத்தனையோ தடவை அப்படி ஒட்டியிருக்கிறது, ஆனால் அன்றைக்கு நான் அதைப் பிரிக்க முயலவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஃபெரி ஹார்ன் அடித்தது. என் ச. மற்றவள், நாளைக்குக் காலை லாங் ஐலண்ட் போட்டைப் பிடிக்க வேண்டும், டீச்சருக்கு அங்கன்வாடி இருக்கிறது, விசேஷ வீட்டில் ரொம்ப நேரம் இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். பலகை இறங்கியது. ஸ்கூட்டர்களுக்கு நடுவே இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அதன் பிறகு மூன்று மாசம் நான் ஏறி இறங்கியதெல்லாம் கணக்கில் வராது. கம்பி சரியாகத்தான் இருந்தது. கைதான் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ப-வில் நிற்க முடியவில்லை. மேலே போய்த் தொட்டுவிட்டு ஓடிவருவேன். துடைக்கும்போது அந்தச் சின்னப் பிள்ளை எழுத்தில் துணி படாமல் துடைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ஏட்டி, இனிமே யாரு வரப்போறா? ஒரு பாட்டுத்தான் வாசியேன். ஏறி எறங்கி ஏறி எறங்கி, கேக்கிற எனக்கே முட்டு வலிக்கு."

எத்தனை நாள் அந்த அனுமதிக்குக் காத்திருந்தேன். அட்டையை எடுத்துக் கம்பி மேல் வைத்தேன். எந்தப் பாட்டு என்றுகூடத் தெரியும், விரலுக்கும் தெரியும். கை நகரவில்லை.

"சொந்தக்காரங்க இருக்காங்க," என்றேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பேசி அவள் கேட்டதில்லை.

"மூணு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றாள். மீன் செதில் ஒட்டிய கையோடு நின்றாள். பிறகு குரல் இறங்கியது. "கூடப்பொறந்தவன்கிட்ட பேசாம இருக்காளாம்லா. நம்ம புளியால."

அந்த வாரமே லாங் ஐலண்டுக்குப் போனோம். விடிவதற்குள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தோம். அம்மா ஐந்து கிலோ புளி எடுத்துக்கொண்டாள். என்னத்துக்கு என்று கேட்டதற்கு, வெறுங்கையோடு போகவா என்றாள். கைநிறைய பேன்ஜோ இருந்தது. வழியெல்லாம் நான் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இது உங்க சாமான், எங்க வீட்ல இருந்துச்சு. இது உங்க சாமான். ஹேவ்லாக்கில் சுற்றுலாக்காரர்கள் இறங்கியபின் போட் காலியாகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் லாங் ஐலண்ட் வந்தது. அங்கன்வாடி டீச்சர் என்று கேட்டதும் ஜெட்டியிலேயே வழி சொன்னார்கள். நீலாவதி டீச்சர், கோயில் தாண்டி மூன்றாவது வீடு, நீலத் தகரக் கூரை.

வாசலுக்கு வந்ததும், வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த அம்மா வாயை மூடிக்கொண்டாள். என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். "நீயே சொல்லு."

கதவு திறந்தது. அதே முகம். நான் வாக்கியத்தை மறந்துவிட்டேன். மூடியைத் திறந்து பெட்டியை நீட்டினேன்.

நீலாவதி டீச்சர் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். வாங்காமல் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூட்டை மாறிடுச்சு," என்றேன். "புளி எங்களோடது. உங்க அண்ணன் பொய் சொல்லல." பிறகு, சொல்லாமல் தப்பிக்க முடியாது என்று தெரிந்ததால், அதையும் சொன்னேன். "மூணு மாசம் முந்தி ஃபெரியில உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நீங்க பேசினதக் கேட்டேன். சொல்லல."

"மூணு மாசமா?"

"ஆமா."

அவள் முகம் இறுகியது. உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கீழே குனிந்து த-வின் நீண்ட வாலை விரலால் தடவினாள். "கம்பி துரு இல்லாம இருக்கே," என்றாள் தனக்குள். பிறகு என்னிடம், "வாசிச்சியா?"

"பாட்டு வாசிக்கல. ச ரி க ம மட்டும்."

"ரெண்டு வருஷமாவா?" அவளுக்கு ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "சின்ன வயசுல அதக் கேட்டாலே எங்க அண்ணனுக்கு ஆகாது. நிறுத்துடி நிறுத்துடின்னு கத்துவான். நான் நிறுத்தலன்னு நி-யப் பிச்சு எறிஞ்சிட்டான். இனிமே எப்படி ஏறுவன்னு பாக்கிறேன்னான்." அம்மா பக்கம் திரும்பி, "உங்க கருப்பட்டியத் தின்னுட்டோம்கா," என்றாள்.

"தின்னத்தானம்மா கருப்பட்டி," என்றாள் அம்மா, புளிப் பையை இறக்கிக்கொண்டே.

திரும்பும் போட் மறுநாள்தான். உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். நான் சாப்பிடுவதைவிட அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயில் உட்கார்ந்து மடியில் வைத்து, முதல் வேலையாகக் கம்பியைத் தளர்த்தினாள். அவள் ச கீழே இருந்தது. ஃபெரியின் ச என் கண் முன்னால் இறங்கிக் காணாமல் போனது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஒரு பாட்டைத் தொடங்கினாள், இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். இன்னொன்று, அதுவும் நின்றது. "எல்லாம் மறந்துபோச்சு," என்றாள். வெட்கப்பட்டதுபோல என்னைப் பார்த்தாள். "நீ வாசி."

நான் பாய் ஓரத்தில் உட்கார்ந்து, அவளுடைய தாழ்ந்த ச-விலிருந்து ஏறினேன். மூன்று மாசத்துக்குப் பிறகு ப-வில் நிற்க முடிந்தது. ஏழாவதில் என் பொத்தானை அழுத்தியதும் அவள் நிமிர்ந்தாள். "அது இல்ல. அடுத்தது." பிறகு, "இரு இரு. அதுவும் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவை வாசி."

மூன்று தடவை வாசித்தேன். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் நீலாவதி டீச்சர் போனையும் பேன்ஜோவையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்த வீட்டில் டவர் கிடைக்கிற ஒரே இடம் கொல்லையில் துணி துவைக்கிற கல்தான். போனைக் கல்லின் மேல் வைத்து, அண்ணன் நம்பரை ஸ்பீக்கரில் போட்டு, எதிரே குந்தி உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் கதவோரம் நின்றோம். மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது.

"ஹலோ," என்றது ஓர் ஆண் குரல். பின்னால் பஸ் ஹார்ன்கள், மெயின்லேண்ட் தெருச் சத்தம். "ஹலோ? யாரு, நீலாவா?"

அவளுக்கும் உதடு ஒட்டிக்கொண்டதோ என்னவோ. மீட்டுகிற அட்டையைக் கம்பி மேல் வைத்தாள். ச. ரி. க. மெதுவாக, ஒவ்வொன்றும் முடியும்வரை விட்டு. ம. ப. போனில் பஸ் சத்தம் சட்டென்று குறைந்தது, யாரோ ஒரு கதவைச் சாத்தியதுபோல. த.

அங்கே நிறுத்தினாள். போனிலிருந்து மூச்சு மட்டும் வந்தது. சோப்பு நுரை காய்ந்த கல்லின் மேல் போனின் வெளிச்சம் அணையாமல் இருந்தது. அவள் விரல், எழுத்து ஒட்டாத இரண்டு பொத்தான்களுக்கும் மேலே, எதையும் தொடாமல் காத்திருந்தது.